தோலைக் காப்போம், வெளுக்க வைக்க வேண்டாம்



இந்த மாதப் பாடத்துக்கு வேறு ஒரு தலைப்புதான் எழுதி வைத்திருந்தேன். அதை மாற்ற வைத்தது நெய்யூர் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி, பதிவேட்டில் எழுதி முடித்த பிறகு, உள்கடன் கேட்டவர்கள் பெயரை ஊக்குநர் வாசித்தார். ஒரு அக்கா 5,000 ரூபாய் கேட்டிருந்தார். என்ன காரியத்துக்கு என்று எழுத வேண்டும் அல்லவா? அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மோளுக்கு ஒரு ஆலோசனை வந்திருக்கு மேடம். பெண்ணு பாக்க வாறதுக்கு முன்ன முகம் கொஞ்சம் வெளுக்கணும். ஒரு கிரீம் உண்டு. ஒரு டப்பா தேச்சாச்சு, நல்ல மாற்றம். இன்னும் மூணு டப்பா வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர், அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். கடன் கொடுப்பதும் கொடுக்காததும் குழுவின் முடிவு, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் டப்பாவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பக்கத்து வீடுதான், மகளே எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் பையில் வந்த சரக்கு. எங்கே செய்தது, யார் செய்தது என்ற விலாசம் இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. அடிப்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

"ஆமா மேடம், ராத்திரி தேக்கும்போ செயினைக் கழற்றி வச்சிருவேன்" என்றாள் அந்தப் பெண்.

எனக்குப் பயம் பிடித்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

தங்கத்துக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

தங்க வேலை செய்யும் ஆசாரிமாருக்குப் பாதரசத்தைத் தெரியும். தங்கத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், தங்கம் வெளுத்துப் போகும். அந்தப் பாதரசத்தின் உப்புகளைத்தான் சில வெளுப்புக் கிரீம்களில் கலக்கிறார்கள். நகையில் படாமல் தேயுங்கள் என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும், உலக சுகாதார நிறுவனமே இதை ஒரு அடையாளமாகச் சொல்லியிருக்கிறது.

பாதரசம் எப்படி வெளுக்க வைக்கிறது? நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற கறுப்புச் சாயம். வெயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் குடை அது. தோலுக்குள் மெலனின் தயாராகும் வேலையைப் பாதரசம் நிறுத்திவிடுகிறது. கொஞ்ச நாளில் முகம் வெளுக்கும், அது உண்மைதான். அதனால்தான் அக்கா நல்ல மாற்றம் என்று சொன்னார். ஆனால் தேய்த்த பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேருகிறது. தலையணை உறை, துவர்த்து, அம்மா முகத்தோடு முகம் வைக்கும் குழந்தை, இவை வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் போகும்.

இது எங்கோ நடந்த கதை இல்லை. பக்கத்து மாநிலம் கேரளாவில், மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். 2021 ஜூலையில் இருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கும் ஒரு வகைச் சிறுநீரக நோய் 22 பேருக்கு வந்திருந்தது. அதில் 15 பேருக்கு வந்தது சாதாரணமாக அரிதாகப் பார்க்கிற வகை. அந்த 15 பேரையும் விசாரித்ததில் 13 பேர், நோய் வருவதற்கு முன்னால் முகம் வெளுக்கும் கிரீம் தேய்த்து வந்ததாக ஒத்துக்கொண்டார்கள். கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குக் குணம் தெரிந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடைகளில் சோதனை நடத்தியது.

நம் நாட்டுச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020-ம் வருட அழகுப்பொருள் விதிகளின்படி முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உலக அளவிலும் மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்களை 2025-க்குள் நிறுத்த வேண்டும் என்று 2023-ல் முடிவு எடுத்தன. மினமாட்டா என்பது ஜப்பானில் ஒரு கடற்கரை ஊர். தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீனில் ஏறி, அந்த மீனைச் சாப்பிட்ட குடும்பங்கள் நரம்பு கெட்டுத் துடித்தது 1956-ல் வெளியே தெரிந்தது. மீன் இல்லாமல் சோறு இறங்காத நமக்கு அந்தக் கஷ்டம் புரியும். சட்டம் இப்படி இருந்தாலும் பையில் வருகிற டப்பாவை யார் சோதிக்கிறார்கள்?

அந்த மகளை மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். மூத்திரத்தில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது சின்னப் பரிசோதனைதான். நல்ல வேளை, ஒன்றும் இல்லை. கிரீமை நிறுத்தினாள், சில வாரத்தில் பழைய நிறம் வந்துவிட்டது. ஆலோசனை என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்காதீங்க, அது அந்த வீட்டுக் காரியம். அடுத்த மாதம் அதே அக்கா அதே 5,000 ரூபாயை வாங்கினார், கிணற்று மோட்டாருக்கு.

உங்களில் யாராவது இப்படிப்பட்ட கிரீம் தேய்த்துக்கொண்டிருந்து, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கால் வீக்கம், மூத்திரத்தில் அடங்காத நுரை இருந்தால் தாமதிக்காதீங்க. டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் கொண்டு போங்க. வேண்டாம் என்று முடிவு பண்ணிய டப்பாவைக் குப்பையோடு போட்டு எரிக்கக் கூடாது, எரித்தால் பாதரசம் ஆவியாகி நம் மூக்கில்தான் ஏறும். கிணற்றோரமும் ஓடையிலும் வீசக் கூடாது. மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

நான் தேய்த்த டியூப்

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி படிக்கும்போது விடுதியில் இருந்தேன். முகத்தில் பருவும் கறுப்பும் இருந்தது. மருந்துக் கடையில் கேட்டால் ஒரு சின்ன டியூப் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை. ஒரு வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது, தோழிகளுக்கும் நானே சிபாரிசு பண்ணினேன். மூன்று மாதம் கழித்து வெயிலில் இறங்கினால் முகம் எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது, மேல் உதட்டில் முடி வளர்ந்தது. டியூப்பை நிறுத்தினால் இன்னும் சிவந்து வீங்கியது, திரும்பத் தேய்த்தால் அடங்கியது. கள்ளுக்குடிக்கு அடிமையானவர்கள் கதை மாதிரிதான். தோல் டாக்டரிடம் போய், கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முகம் பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதில் இருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர்கள் இருக்கும். இவை நல்ல மருந்துகள்தான், டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் மட்டும் போட்டால். முகத்துக்கு மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துவிடும். இந்த வகைக் கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-ல் சேர்த்தது. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், பாருங்க. ஏற்கெனவே நாள்பட்டுத் தேய்த்து வருகிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தி அவதிப்படாமல், தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

நிறம் என்ற பேச்சு எப்படி இவ்வளவு பெரிதானது என்று யோசிப்பேன். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. ஒரு பெண் கறுப்பாய் இருந்ததால் வேலை கிடைக்கவில்லை, கிரீம் போட்டாள், கிடைத்தது என்கிற மாதிரி விளம்பரங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். 2020-ல் அந்தக் கம்பெனியே பெயரில் இருந்த ஃபேர் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றியது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேள்வி மாறவில்லை, அதுதான் கஷ்டம்.

மேல்கையைத் திருப்பிப் பாருங்க

சரி, வெளுப்பை விடுவோம். தோல் சுருங்காமல், வறண்டு வெடிக்காமல், வயதுக்கு முன்னால் மூக்காமல் இருக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. அதற்கு என்ன வழி?

இப்போதே ஒரு காரியம் பண்ணுங்க. முழங்கைக்கு மேலே, அக்குள் பக்கமாக உள்கையைத் திருப்பிப் பாருங்க. பிறகு புறங்கையைப் பாருங்க. இரண்டும் ஒரே உடம்பு, ஒரே வயது. உள்பக்கம் மெதுவாக, சுருக்கம் இல்லாமல் இருக்கும். புறங்கை கறுத்து, கோடு விழுந்து, புள்ளி புள்ளியாக இருக்கும். வயது மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா ஆகியிருக்க வேண்டும்? அந்த வித்தியாசத்தைச் செய்தது பெரும்பாலும் வெயில்.

அமெரிக்காவில் 28 வருடம் சரக்கு லாரி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் படத்தை டாக்டர்கள் 2012-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அந்த நாட்டில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார். கண்ணாடி வழியாக வெயில் பட்ட இடது கன்னம் மட்டும் தொங்கி, ஆழமாகச் சுருங்கி, வலது கன்னத்தைவிட எத்தனையோ வயது மூத்தது மாதிரி இருந்தது. கறுத்த தோலில் மெலனின் அதிகம் இருப்பதால் வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் மெதுவாகத்தான் வரும். தோல் புற்றுநோயும் நமக்குக் குறைவு. கடவுள் கொடுத்த அந்தக் குடையைத்தான் காசு கொடுத்து அழிக்கிறோம்.

காலை 10 மணியில் இருந்து 3 மணி வரை உள்ள வெயில்தான் மோசம். வேலை நேரத்தை மாற்ற முடிந்தவர்கள் மாற்றுங்கள். முடியாதவர்கள்தான் நம்மில் அதிகம் என்று எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறீர்களே, அதைவிட நல்ல வெயில் மருந்து கிடையாது. தலையில் துவர்த்து கட்டுவதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து நெற்றியும் கன்னமும் மறைகிற மாதிரி கட்டுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் இருந்து மீன் கொண்டு வரும் அக்காமார் திங்கள்சந்தையில் உட்காரும்போது குடை விரித்து வையுங்க. மழைக்கு மட்டும்தான் குடை என்று நம் ஊரில் ஒரு எண்ணம், வெயிலுக்குப் பிடித்தால் பவுசு என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

சன்ஸ்கிரீன் போடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடலாம். ஆஸ்திரேலியாவில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருடம் பார்த்ததில், தினமும் போட்டவர்கள் தோல், தோன்றியபோது மட்டும் போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவாக மூத்திருந்தது என்று 2013-ல் சொன்னார்கள். ஆனால் பட்டாணி அளவு தொட்டு வைத்தால் பலன் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், விலையும் கூடுதல். கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு அது அவசியம். மங்கு பிள்ளை உண்டானபோதும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், வெயிலிலும் வரும். டாக்டர் மருந்து கொடுத்தாலும் மாதக்கணக்கில்தான் மங்கும். ஒரு வாரத்தில் போக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த டப்பாவில் என்ன இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீங்க. அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுத்துப்போகும்.

குளியலும் எண்ணெயும்

தோலின் மேல் அடுக்கு ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிறது. வயது ஏற ஏற அது மெதுவாகும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலைத் தாங்கும் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. 50 தாண்டியவர்கள் "திடீர்னு காலெல்லாம் வரண்டு அரிக்குது" என்று சொல்வது இதனால்தான். இந்த வயதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், துணி சோப்பும் தோலுக்குப் பகை.

ஆமாம், துணி சோப்பு. துணி துவைத்துவிட்டு அந்தத் துண்டாலேயே காலையும் கையையும் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். குளியல் சோப்பு வாங்கும்போது அட்டையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், அது சோப்பில் உள்ள கொழுப்பின் அளவு. 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். குளியல் பார் என்று போட்டிருப்பதில் 40 இருந்தாலே சட்டப்படி விற்கலாம். சோப்பு செய்து விற்கும் குழுக்களும் நம் கூட்டமைப்பில் உண்டு, உங்கள் சரக்கிலும் வாங்குகிறவர்கள் இதைக் கேட்கட்டும், தப்பில்லை. அக்குள், இடுப்பு மடிப்பு, கால் இவற்றுக்குச் சோப்பு தினமும் வேண்டும். மற்ற இடத்துக்குத் தினமும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நார் வைத்துத் தோலுரிய உரசுவதையும் விடுங்க.

குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, உடம்பில் லேசான ஈரம் இருக்கும்போதே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைக் கை, காலில் தடவுங்க. ஈரம் ஆவியாகாமல் எண்ணெய் மூடி வைக்கும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். பிலிப்பைன்ஸ் நாட்டில் 2004-ல் வறண்ட தோல் உள்ள 34 பேருக்கு, சிலருக்குத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு மினரல் ஆயிலும் இரண்டு வாரம் தடவிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் கொடுத்தது. தென்னை நிற்கிற ஊரில் இருந்துகொண்டு லோஷன் பாட்டிலுக்கு ஏன் காசு? பரு வருகிற வயதுப் பிள்ளைகள் மட்டும் முகத்தில் எண்ணெய் தேய்க்க வேண்டாம், துவாரம் அடைத்துப் பரு கூடும்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதவில்லை. சாளை, முருங்கைக்கீரை, பப்பாளி, நெல்லிக்காய் எல்லாம் நம் முற்றத்திலும் சந்தையிலும் கிடைப்பதுதான். ஆனால் ஒன்று. முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, களை இல்லாமல் இருப்பதற்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தார்கள். அந்த முகத்துக்குக் கிரீம் என்ன செய்யும்? வெற்றிலையோடு போயிலை போடும் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை: வாய்ப் புற்றுநோய்க்கு அதுதான் பெரிய காரணம்.

கை, கால், இடுப்பு

முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறோம். உழைக்கிற கையையும் காலையும் யார் பார்க்கிறார்கள்?

அண்டி ஆபீஸில் தோடு உடைக்கும் அக்காமார் கையை நான் பார்த்திருக்கிறேன். விரல் நுனி கருகி, உரிந்து, ரேகை தெரியாது. முந்திரித் தோட்டில் உள்ள எண்ணெய் அமிலம் மாதிரி, பட்ட இடம் பொசுக்கும். விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு உடைக்கும் பழக்கம் பழையது, கொஞ்சம் தடுக்கும், முழுவதும் தடுக்காது. கையுறை போட்டால் வேகம் குறையும், எடைக்குக் கூலி என்பதால் கழற்றிவிடுகிறார்கள். இதில் அறிவுரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. பொருந்துகிற மெல்லிய கையுறையும் எண்ணெயும் கொடுப்பது வேலை கொடுப்பவர் பொறுப்பு. குழுவாகச் சேர்ந்து கேட்டால் கேட்கும் பலம் உண்டு. வீட்டுக்கு வந்து கறை பட்ட கையோடு கண்ணைத் தொடாதீங்க, பிள்ளையைத் தூக்காதீங்க. முதலில் எண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்க.

பித்தவெடிப்புக்கு ராத்திரி 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, கல்லால் லேசாகத் தேய்த்து, எண்ணெயோ வாசலினோ தடவிப் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு படுங்க. சர்க்கரை உள்ளவர்கள் பிளேடு வைத்துச் சீவக் கூடாது, தண்ணீர்ச் சூட்டையும் கையால் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்.

உள்பாவாடை நாடா விஷயத்தை யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுப்பு வளையம், அரிப்பு, செதில் இல்லாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? பல வருடம் ஆறாத புண்ணாகி அது புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி, மகாராஷ்டிரத்திலும் பீகாரிலும் உள்ள டாக்டர்கள் 2024-ல் எழுதினார்கள். இது மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் நாடாவுக்குப் பதில் இரண்டு விரல் அகலத்தில் பட்டை தைத்துக்கொள்வதும், வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடுவதும் கஷ்டமா? தையல் தெரிந்த உறுப்பினர்கள் இதையே ஒரு தொழிலாகச் செய்யலாம்.

ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்திலோ, ரப்பர் செருப்பு வார் படும் இடத்திலோ வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே அதை நிறுத்துங்க. பசையிலும் ரப்பரிலும் உள்ள ரசாயனம் நிறத்தை எடுத்துவிடும். தலைக்கு டை அடிப்பவர்கள் புது டை என்றால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அடியுங்க, அரித்தால் வேண்டாம்.

அரிப்பும் தேமலும் வந்தால்

நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். துணி காயாது, ஈரத்தோடு உடுத்துகிறோம், தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழேயும் படை வருகிறது. கடையில் அரிப்புக்கு என்று கேட்டு வாங்கும் கலப்புக் கிரீமில் அதே ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், படை அடியில் பரவும். அப்புறம் எந்த மருந்துக்கும் சீக்கிரம் அடங்காது. படைக்கு டாக்டர் சொன்ன மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை போடுங்க. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் துவர்த்தைத் தனியாக வையுங்க. சிரங்கு என்றால் அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

குளிக்கும்போது மாதம் ஒரு முறை உடம்பு முழுக்கப் பாருங்க, முதுகை மகளோ தங்கச்சியோ பார்க்கட்டும். நிறம் குறைந்த அல்லது சிவந்த தேமலில், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். நெய்யூரில் 1838-ல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய நாட்டில், உடையார்விளை ஆஸ்பத்திரியை நம் பாட்டிமார் பயத்தோடு பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அந்தப் பயம் தேவையில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், சிலருக்கு 6 மாதம், சிலருக்கு 12 மாதம். ஆரம்பத்திலேயே சாப்பிட்டால் கை, கால் ஊனம் வராது. மறைத்தால்தான் வரும். தோல் டாக்டர் வேண்டும் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினாலும் போதும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் சத்தமாக வாசியுங்க. ஒரே நாளில் முடியாது, இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். வரும்போது வீட்டில் முகத்துக்குத் தேய்க்கும் எல்லா டப்பாவையும் டியூப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க, மகள் ஒளித்து வைத்திருப்பதையும் கேட்டு வாங்கி. நடுவில் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்க: செய்தவர் விலாசம் இருக்கிறதா, லைசென்ஸ் எண் இருக்கிறதா, என்னென்ன சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா, சிவப்புக் கோடு இருக்கிறதா, தங்கத்தில் படக் கூடாது என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா? ஆங்கிலம் வாசிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்க. யாரையும் "உனக்கு எதுக்கு இது" என்று கேலி பேசாதீங்க, பேசினால் அடுத்த தடவை டப்பா வராது.

சந்தேகமான டப்பாக்களைத் தனியாகக் கட்டி வைத்து, எத்தனை இருந்தது, எங்கே வாங்கியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்க. எல்லாக் குழுவும் சேர்ந்து மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். நான் வரும் கூட்டங்களில் டப்பா வாசிக்க நானும் பாயில் உட்காருகிறேன்.